நாற்பது என்றால் பாறை முழுகும்

எங்கள் அணை அலுவலகத்தில் நிலவரம் சொல்வதற்கென்றே தனியாக ஒரு தொலைபேசி எண் உண்டு. அதை அழைத்தால் ஆள் எடுக்க மாட்டார்கள், பதிவு செய்த ஒரு குரல் பேசும். ஏரியில் நீர்மட்டம் எவ்வளவு, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் விடுகிறோம், படகுத்துறை திறந்திருக்கிறதா, குளிக்கும் இடம் எப்படி இருக்கிறது என்று ஒன்றரை நிமிடத்தில் சொல்லி முடிக்கும். பத்தொன்பது ஆண்டுகளாக அது ஒரே ஆளின் குரல். வேலைப் பட்டியலில் அவர் நீர்மட்டப் பதிவாளர். எங்கள் எல்லோருக்கும், அவரைவிட வயதில் மூத்த பொறியாளருக்கும்கூட, அக்கா.

நான் அதே அணையில் வால்வு இயக்குபவன். அணையின் அடிவயிற்றில் எனக்கு ஓர் அறை, மேலே அலுவலகத்தில் அக்காவுக்கு ஒரு மேசை. காலை ஆறு மணிக்கு அவர் அணைச்சுவரை ஒட்டிய படிகளில் இறங்கி, சுவரில் வரைந்திருக்கும் அளவுகோலைப் படித்து வருவார். ஏரி நிறைந்திருந்தால் பதினொரு படி. ஏரி வற்ற வற்றப் படிகள் கூடும். "தண்ணி கொறைஞ்சா ஊருக்கு நாக்கு வறளுது, எனக்கு முட்டி தேயுது" என்பார்.

எண்ணை மட்டும் சொன்னால் போதும் என்பதுதான் விதி. அக்காவுக்கு அது ஒத்துவரவில்லை. "வினாடிக்கு இருபது கனமீட்டர்னா யாருக்குப் புரியும்? முழங்கால் அளவுன்னு சொன்னா புரியும்." இதற்காக விடுமுறை நாட்களில் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார். அணைக்குக் கீழே ஆற்றின் நடுவில் தட்டைப்பாறை என்று ஓர் அகலமான பாறை இருக்கிறது. கோடையில் குடும்பம் குடும்பமாக அங்கேதான் போய் உட்காருவார்கள். வரிசையாகக் கிடக்கும் கற்களில் கால் வைத்துத் தாண்டினால் பாறை. எத்தனை கனமீட்டர் விட்டால் அந்தக் கற்கள் மறையும், எத்தனை விட்டால் பாறையே மறையும் என்று அக்கா தண்ணீரில் இறங்கி நின்று அளந்து வைத்திருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கும் அவர் கணவர் கரையில் குடை பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமையில ஊருல எல்லாரும் படுத்துத் தூங்குறாங்க" என்று முனகிக்கொண்டிருப்பார். குடையை மட்டும் மடக்க மாட்டார்.

அவருக்கு இன்னொரு பழக்கம். எந்த எண்ணையும் இரண்டு முறை சொல்வார், முழுதாக ஒரு முறை, பிறகு பிரித்து ஒரு முறை. "இருபது. இரண்டு, பூஜ்யம்." பழைய தொலைபேசி இரைச்சலில் யாருக்காவது தப்பாகக் கேட்டுவிடுமோ என்ற பயம்.

நான் சொல்ல வந்தது, மழை ஏமாற்றிய அந்தக் கோடையைப் பற்றி. தொண்ணூற்று நான்கு படி இறங்க வேண்டியிருந்தது. படகுத்துறைச் சரிவின் அடிமுனை காய்ந்த சேற்றுக்குமேல் தொங்கியது. துறையை மூட உத்தரவு வந்தது. அதை அறிவித்தது அக்கா என்பதால், படகு வாடகைக்கு விடுபவருக்குக் கோபமெல்லாம் அக்காமேல்தான். தினமும் அலுவலகத்துக்கு அழைப்பார்.

"என்னம்மா, இன்னிக்கும் மூடியா? நீங்க மைக்குல சொல்லிட்டுப் போயிடுறீங்க. நாங்க படகை வச்சு என்ன பண்றது, துணி காயப்போடவா?"

"தம்பி, தண்ணிய நானா குடிச்சிட்டேன்?"

இப்படியே ஒரு மாதம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அவருடைய எண் அக்காவுக்கு மனப்பாடமாகிவிட்டது. கடைசியில் படகுக்காரர் கடையைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், தட்டைப்பாறைக்கு எதிரே காற்றடைத்த மிதவைகளை வாடகைக்கு விட ஆரம்பித்தார். ஏரியில் படகு இல்லாததால் கூட்டம் முழுக்க ஆற்றுக்குத் திரும்பியிருந்தது. படகுத்துறையில் நின்ற காவல் ஆட்களையோ, துறை மூடியாச்சு என்று வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆற்றங்கரையில் காவலுக்கு ஒரு ஆளும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் கழுத்தில் இருந்த கட்டி பெரிதானது. தைராய்டு அறுவை. கட்டி நல்ல மாதிரிதான் என்று முடிவு வந்தது, உயிர் தப்பியது. ஆனால் கண் விழித்தபோது குரல் இல்லை. குரல் நரம்பு அடிபட்டிருக்கிறது, மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். வீட்டில் காகிதத்தில் எழுதிக் காட்டித்தான் பேச்சு. "சண்டை போடணும்னாகூட முதல்ல என் கண்ணாடியத் தேட வேண்டியிருக்கு" என்றார் கணவர். அக்கா சத்தமில்லாமல் சிரித்து, தையல் வலித்து, அழுதார்.

அவர் இல்லாதபோது முதல் இரண்டு நாள் நான் நிலவரம் சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்கள், யாரோ மிரட்டுவது போல இருக்கிறது என்றார்கள். பொறியாளர் கணினிக் குரலைப் போட்டார். அது விதிப்படி எண்ணை மட்டும் வாசித்தது.

ஆறு வாரத்தில் அக்கா வேலைக்குத் திரும்பினார். படி இறங்க வேண்டாம், உட்கார்ந்து பதிவேடு எழுதினால் போதும் என்று ஏற்பாடு. குரல் வெறும் காற்றாக வந்தது. "இத்தனை வருஷம் செவுத்துக்கிட்டதான் பேசினேன் போல. கம்ப்யூட்டர் பேசுது, ஒருத்தரும் கேக்கல பாரு" என்று என்னிடம் எழுதிக் காட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி. கீழே ஆற்றில் இருக்கும் நகரத்தின் குடிநீர்க் கிணற்றில் தண்ணீர் இறங்கி, குழாய் காற்றை இழுக்கிறது, உடனே பன்னிரண்டிலிருந்து நாற்பதாக ஏற்று என்று எனக்கு உத்தரவு வந்தது. பெரிய மதகுகளைத் திறந்தால்தான் எச்சரிக்கைச் சங்கு ஊத வேண்டும். அடி வால்வுக்கு அந்த விதி கிடையாது. நான் திறந்தேன். உள்தொடர்பில் மேலே நாற்பது என்று சொல்லிவிட்டு, சக்கரத்தைப் பார்த்தபடி நின்றேன். என் அறையில் கைப்பேசி எடுக்காது. கணினிக் குரலும் தன் பங்குக்கு "வெளியேற்றம் நாற்பது" என்று மாற்றிக்கொண்டது.

மேலே அக்கா தனியாக இருந்தார். நாற்பது என்றால் என்ன என்று அவருக்குத்தான் தெரியும். ஐம்பது நிமிடத்தில் தண்ணீர் தட்டைப்பாறைக்குப் போய்ச் சேரும். முதலில் கற்கள் மறையும், திரும்ப வழி இருக்காது. பிறகு பாறை. அவர் ஓர் எண்ணைச் சுழற்றினார். மறுமுனையில் படகுக்காரர்.

"யாருங்க? ஒண்ணும் கேக்கல... காத்து மாதிரி வருது."

அக்கா மூச்சைத் திரட்டிப் பேசினார்.

"ஏங்க, வெளையாடுறீங்களா? வைக்கப்போறேன்."

"நாற்பது. நான்கு, பூஜ்யம்."

"அக்காவா? அணைக்கட்டு அக்காவா? என்னக்கா ஆச்சு உங்க தொண்டைக்கு?"

"பாறை... முழுகும்."

"பாறை முழுகுமா? தட்டைப்பாறையா? எப்போ?"

"ஐம்பது... நிமிஷம்."

"அம்பது நிமிஷம். சரிக்கா. சரி. வைங்க."

இதற்குப் பிறகு நடந்ததை அவரே எனக்குப் பத்து முறையாவது சொல்லியிருக்கிறார். படகுகளைத் திரும்பக் கூப்பிடும் ஒலிபெருக்கி அவர் கடையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கற்களில் தாவிப் பாறைமேல் ஏறினார். அறுபது பேருக்கு மேல் இருந்தார்களாம், குழந்தைகளே இருபது. "எல்லாரும் கரைக்குப் போங்க, தண்ணி வருது" என்று கத்தினார். ஒருவரும் அசையவில்லை. ஆறு சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. "மிதவை போணியாகலன்னா இப்படியா ஊரைக் கெளப்புவ?" என்று ஒருவர் கேட்க, சுற்றிலும் சிரிப்பு.

"யோவ், நான் சொல்லலய்யா. அணைக்கட்டு அக்கா சொல்றாங்க. போன்ல நிலவரம் சொல்வாங்களே, அந்த அக்கா. அவங்களுக்குக் குரல் போயிடுச்சு. அதான் நான் கத்துறேன்."

கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் முதலில் எழுந்தாள். "அந்தம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் அவங்களக் கேட்டுட்டுத்தான் வீட்டவிட்டே கெளம்புவேன். கொஞ்ச நாளா காணோமேன்னு பார்த்தேன்." பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். படகுக்காரர் கற்களுக்கு நடுவே தண்ணீரில் இறங்கி நின்று குழந்தைகளைக் கைமாற்றிக் கொடுத்தார். இரண்டேகாலுக்குக் கடைசி ஆள் கரையேறினார். இரண்டரைக்குக் கற்கள் காணாமல் போயின. மூன்று மணிக்குப் பாறை இருந்த இடத்தில், யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு சிவப்புத் துண்டு சுழன்றுகொண்டிருந்தது.

நான் வேலை முடிந்து மேலே வந்தபோது அக்கா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததைப் படகுக்காரர் அப்போதுதான் அழைத்துச் சொல்லியிருந்தார். அக்கா அதைக் காகிதத்தில் எழுதிக் காட்ட, நான் நின்றுகொண்டே படித்தேன். வால்வைத் திறந்தது என் கை.

பொறியாளர் மறுநாள் அக்காவின் மேசைக்கு வந்தார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "தப்பு என்னுடையது. எண்ணப் போட்டா போதும்னு நெனச்சேன். இனிமே வால்வுக்கும் சங்கு உண்டு. ஆத்துலயும் காவல் போட்டாச்சு. நிலவரத்த நீங்க எப்படி எழுதித் தர்றீங்களோ அப்படியே சொல்லட்டும்." ஆனால் யார் சொல்வது? கணினி அக்காவின் வாக்கியங்களை எல்லாம் தப்பான இடத்தில் உடைத்தது. என் குரலைப் பற்றித்தான் முன்பே சொன்னேனே.

அன்று மாலை கதவருகே கரிய, குட்டையான ஒருவர் தயங்கி நின்றார். "உங்க குரல் வர்ற வரைக்கும் என் குரல வச்சுக்குங்கக்கா" என்றார். அக்கா அவரை நேரில் பார்த்தது அப்போதுதான். எழுந்து போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

ஐந்து மாதம் படகுக்காரர் காலையில் வந்து வாசித்துவிட்டுப் போனார். எண்களை இரண்டு முறை சொல்ல அக்கா பழக்கினார். தன் பிழைப்பைத் தானே மூடி அறிவிக்க வேண்டிய நிலை அவருக்கு. "படகுத்துறை இன்றும் மூடப்பட்டுள்ளது" என்று சொல்லும்போது ஒரு பெருமூச்சு வரும். அதை நீக்கச் சொல்லி அக்கா எவ்வளவோ எழுதிப் பார்த்தார். அழைத்தவர்கள் அதைக் கேட்கவே மறுபடி அழைத்தார்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்ணின் பொறுமையால் அக்காவின் குரல் மெல்லத் திரும்பியது. கொஞ்சம் கரகரப்பு, பழைய வழவழப்பு இல்லை. அடுத்து வந்த மழையும் ஏமாற்றவில்லை. படகுத்துறை திறந்த நாளில் முதல் படகில் அக்காவையும் கணவரையும் ஏற்றிப் போனார் படகுக்காரர். பத்தொன்பது ஆண்டு ஏரியை அளந்தவர் அதன்மேல் மிதந்தது அன்றுதான். "ரெண்டு பக்கமும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டே வந்தா" என்று கணவர் எங்களிடம் போட்டுக்கொடுத்தார்.

எனக்கு ஒரு பாரம் மனதில் இருந்துகொண்டே இருந்தது. ஒருநாள் சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னிக்கு நீங்க மட்டும் இல்லன்னா, நான் திறந்துவிட்ட தண்ணி..."

அக்கா பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "நீ திறந்துவிட்ட தண்ணியத்தான் அந்த நகரமே அன்னிக்குக் குடிச்சுது. பாறையில இருந்தவங்களும் வீட்டுக்குப் போய் அந்தத் தண்ணியத்தான் குடிச்சிருப்பாங்க. நீயும் நல்லாத்தான் செஞ்ச. போ, வேலையப் பாரு."

நான் கீழே இறங்கிப் போனேன். அந்த வார்த்தைக்கு அவருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இதை அதற்காகத்தான் எழுதினேன்.