வேலி கட்டிய கையால் வந்த வினை

சங்ககிரியில் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். பத்து மாத மகள் தவழ ஆரம்பித்ததும், அவள் விளையாட வீட்டின் பின்புறத்தைச் சரி செய்தேன். அரளிச் செடியைப் பிடுங்கினேன். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட்டேன். நாய் நுழையாதபடி சுற்றிலும் கம்பிவலை அடித்து, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினேன். பிறகுதான் அவளை இறக்கி விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் மனைவி, "ஏனுங்க, பாப்பா எதையோ மெல்லுதுங்க" என்றாள்.

"மண்ணாத்தான் இருக்கும் புள்ள" என்றேன்.

அவள் குழந்தையின் வாயைத் திறந்து, கன்னத்தோரம் தெரிந்ததை எடுத்தாள். கட்டுக்கம்பித் துண்டு. குறட்டால் நான் நறுக்கிப் போட்டதுதான். சின்னக் கீறலோடு மகள் தப்பித்தாள். எதற்கெல்லாமோ பயந்தவன், என் கைவேலைக்குப் பயப்படவில்லை.

இப்போது அவளை விடுவதற்கு முன், பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மண்மேல் இழுக்கிறேன். அப்புறம் நானே ஒரு சுற்று தவழ்ந்து பார்க்கிறேன்.

"புள்ளைக்கு முன்னால அப்பன் நல்லாத் தவழறாருங்க" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் மனைவி சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நேற்றும் காந்தத்தில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது.