சுப்பராயன் வீட்டு முறை

திருவொற்றியூர் ரயில் பாதை ஓரத்துக் குடிசைகளில் ஒரு வழக்கம் இருந்தது. சொல்லவே நாக்கு கூசுகிறது. துறைமுகக் கிடங்கில் எது காணாமல் போனாலும் போலீஸ் நேரே அங்கேதான் வரும். ஈச்சங்கூடை முடையும் அந்த ஜனங்கள் பிறவித் திருடர்கள் என்று வெள்ளைக்காரன் சட்டமே எழுதி வைத்திருந்தான். குடிசைக்குக் குடிசை அடி விழாமல் இருக்க, அவர்களே வீட்டு முறை வைத்து ஓர் ஆளை ஒப்படைப்பார்கள். போனவன் செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போவான். அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு மற்றவர்கள் கஞ்சி ஊற்றுவார்கள்.

நாற்பத்தெட்டில் பித்தளைக் குழாய்கள் களவு போனபோது சுப்பராயன் வீட்டு முறை வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான் அவன். மூத்தவன், அவன்தான் போக வேண்டும். மனைவி பூவம்மாவுக்கு நிறைமாதம் என்று சொல்லித் தம்பி குணசேகரனை அனுப்பிவிட்டான். நிறைமாதம் சாக்கு, ஸ்டேஷனில் உள்ளங்காலில் அடித்து லாடம் கட்டுவார்களே என்ற பயம்தான் நிஜம். தம்பி மறுபேச்சு பேசவில்லை.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒப்புக்கொண்டானா, ஒப்புக்கொண்டான், போடு ஒன்பது மாதம். இதற்குப் பெயர் விசாரணை.

திரும்பி வந்தவனுக்கு இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. அண்ணன் குழந்தையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டான். பிறகு சாதாரணமாகச் சொன்னான்.

"அண்ணாத்தே, அந்தச் சட்டத்த நான் போறதுக்கு மின்னாடியே எட்த்துட்டாங்களாம். ஜெயில்ல பேப்பர் படிக்கிற ஆளு சொன்னாரு."

இல்லாத சட்டத்துக்குச் சுப்பராயன் தம்பியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி ஒருத்தனையும் அனுப்பக்கூடாது என்று குடிசை குடிசையாகப் போய்ச் சொன்னான்.

அடுத்த மாசியில் செம்புக் கம்பி காணாமல் போனது. ஏட்டு வந்து நின்றார். சுப்பராயன் கைகட்டிக்கொண்டுதான் பேசினான், ஆனாலும் பேசிவிட்டான்.

"அந்தச் சட்டம் பூட்ச்சுங்க ஐயா."

ஏட்டுக்குக் கோபமே வரவில்லை. "தெரியும்டா. எனக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரு ஆள் வேணும். யார அனுப்புற?"

நானே வருகிறேன் என்ற சொல் சுப்பராயனின் தொண்டைவரை வந்தது. அதற்குள் அவன் கண் தம்பி உட்கார்ந்திருந்த பக்கம் போய்விட்டது. குணசேகரன் அதைப் பார்த்துவிட்டான். எழுந்து, விளங்காத கையை முதலில் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டான்.