பக்கத்து அறைக்கு வழிந்த பேச்சு

அலுவலகத்தில் அவருக்கு ‘ஹெல்மெட்’ என்று பெயர். புரோகிராம் எழுதுகிறவர், வண்டி ஓட்டத் தெரியாது. எழுதுகிறவர்களின் தப்பைக் கம்ப்யூட்டர் மொழியே பிடித்து நிறுத்த வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால், “ஹெல்மெட் போட்டுக்கிட்டுத்தான் குளிப்பீங்களா?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். ஹெல்மெட்டே வேண்டாம் என்றவருக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அவர் கட்டிக்கொண்டு அழுத மொழி பழையது, வேகமானது. சொன்னதைச் செய்யும், ஏன் என்று கேட்காது. இடம் நிறைந்த பிறகும் ஓர் ஆளை உட்காரச் சொன்னால் அடுத்தவர் மடியில் உட்கார வைத்துவிட்டுச் சும்மா இருக்கும். புது மொழிக்கு மாறலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்த பக்கத்து சீட்டுப் பெண் ஒருமுறை சொன்னாள்: “உங்களைக் காப்பாத்துறதுக்கு இல்ல சார். தப்பு பண்றது ஒருத்தர், அனுபவிக்கிறது வேற யாரோ.”

“தெரியாதவங்களுக்குத்தாம்மா அதெல்லாம்” என்று சிரித்தார். அவர் வேலையில் பெரிய தப்பு எதுவும் வந்ததில்லை என்பது உண்மைதான். அந்தத் திமிருக்கு அதுவே தீனி.

வீட்டுத் தொலைபேசியில், ஆள் இல்லாதபோது வரும் பேச்சைப் பதிவுசெய்ய அவரே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அந்த வேலைக்கான கருவி கடையிலேயே கிடைக்கும். வாங்கிவிட்டால் அப்புறம் அவர் என்ன பெரிய ஆள்? ஒவ்வொரு பேச்சுக்கும் ஓர் அறை, எல்லாம் ஒரே அளவு. அறைகள் நிறைந்ததும் பழைய பேச்சின் மேல் புதுப் பேச்சு ஏறும்.

அறுவை சிகிச்சைக்குப் போன காலையில் அக்கா கூப்பிட்டிருந்தாள். அவர் அதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்ததால் கருவியிடம் பேசிவிட்டு வைத்தாள். அவள் வீடு திரும்பவில்லை. அந்த ஓர் அறைக்கு மட்டும் அவர் பூட்டுப் போட்டார்: இங்கே புதுப் பேச்சு எதுவும் தொடங்கக் கூடாது.

அக்கா மகள் கேட்டாள். “அம்மா குரல் உங்ககிட்ட இருக்குல்ல மாமா? எனக்கு எடுத்துக் குடுங்க.”

கொடுக்கிறேன் என்றார். எடுத்தால் தானும் கேட்க வேண்டியிருக்குமே என்று இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். எங்கே போய்விடப் போகிறது, பத்திரமாகத்தானே இருக்கிறது?

இதற்கிடையில் ஒரு சாயங்காலம் மனசு கேட்காமல் அவள் மாமாவைக் கூப்பிட்டாள். வீட்டில் ஆள் இல்லை. கருவியிடமே அழுதாள், நெடுநேரம் அழுதாள். அவளுக்குக் கிடைத்தது அம்மாவுக்கு முந்தைய அறை, அது போதவில்லை. அக்கா அறையில் எதுவும் தொடங்கக் கூடாது என்று எழுதியவர், பக்கத்து அறையிலிருந்து எதுவும் வழிந்து வரக் கூடாது என்று எழுதவில்லை. அவர் மொழியும் அதைக் கேட்கவில்லை. புது மொழியாக இருந்தால் அறை முடிந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கும். மகளின் அழுகை பாதியில் நின்றிருக்கும், அம்மாவின் குரல் பிழைத்திருக்கும்.

ஒருவழியாக எடுத்துக் கொடுக்க உட்கார்ந்த அன்றுதான் அவருக்கே தெரிந்தது. அக்காவின் அறையைத் திறந்தால் மகள் அழுதுகொண்டிருந்தாள். அழுகை சட்டென்று அறுந்தது. “சரி, வெச்சிடறேன்டா” என்றாள் அக்கா. மிச்சம் அவ்வளவுதான். கடையில் வாங்கிய கருவி என்றால் திட்டுவதற்காவது ஒருவன் இருந்திருப்பான். அவர் தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அலுவலகத்தில், “உங்க மொழிக்கே மாறிடலாம்மா” என்றார்.

“கிண்டல் பண்றீங்களா சார்?” என்றாள் பக்கத்து சீட்டுப் பெண்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வந்தாள். மகளின் அழுகையை வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய அந்த ஒரு வரியைப் போட்டுக் காட்டினார். திரும்பத் திரும்பக் கேட்டாள்.

“என் தப்புதாம்மா. நான் எழுதினது சரியில்ல. வேற ஒரு பேச்சு இது மேல ஏறிடுச்சு.”

“யார் பேசினது மாமா?”

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தார். முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. “யாரோ விளம்பரக்காரன். வீடு விக்கிறவன். விடாமப் பேசியிருக்கான்.”

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டும்போது சொன்னாள்:

“நான்கூட அன்னிக்கு உங்க மெஷின்ல அழுது தீர்த்துட்டேன், ஞாபகம் இருக்கா? நெனச்சாலே பயமா இருக்கு மாமா. நல்லவேளை, அது நான் இல்ல.”

“ஆமாம்மா” என்றார்.