கழற்றாத சாக்ஸ்

என் இடது காலில் பெருவிரல் கிடையாது. அடுத்த இரண்டு விரல்களும் கிடையாது. ஆனால் சித்திரை வெயில் தென்காசியைப் பொரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், இல்லாத அந்த மூன்று விரல்களும் குளிரில் விறைத்தன. கூப்பாடு போடுவதா சிரிப்பதா என்றே எனக்குத் தெரியவில்லை.

சீனப் போர் முடிந்து நான் ஊர் திரும்பிய வருஷம் அது. மலையில் எனக்கு உறைபனிக் காயம் (கடுங்குளிரில் ரத்தம் ஓடாமல் சதை செத்துப்போவது) ஏற்பட்டது. ராணுவ ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்துவிட்டு, மிச்சம் ஊரில் ஆறிவிடும் என்று அனுப்பினார்கள். ஆறவில்லை. வெட்டிய இடத்தில் நீர் கோத்தது, பிறகு நாறத் தொடங்கியது.

தென்காசி டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "புண்ணுக்குக் காத்துப் படணும். இப்படியே ஈரத்துல ஊறினா கேங்ரீன் வந்துரும். அப்புறம் கணுக்காலோட எடுக்கணும், பாத்துக்கிடுங்க" என்றார். கேங்ரீன் என்றால் சதை அழுகல். தெரியும், பக்கத்துக் கட்டில்களில் பார்த்திருக்கிறேன்.

சரி என்று தலையாட்டினேன். அவர் வாசலைத் தாண்டியதும் கம்பளிச் சாக்ஸை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டேன்.

"டாக்டர் சொன்னது காதுல விழலையா? இந்த வெயில்ல ஆட்டு மயிரச் சுத்திக்கிட்டுக் கெடக்கீயளே!" என்று என் மனைவி பேச்சியம்மாள் சத்தம் போட்டாள். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கழற்ற மாட்டேன் என்றால் மாட்டேன்தான். சாயங்காலமானால் அவளே மனமிரங்கி, பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு வந்து, "குளிருதா?" என்று கேட்பாள். குளிருது என்பேன். (நீங்கள் யாரும் இதைச் செய்யாதீர்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும்.)

அவள்தான் கடைசியில் காதரிடம் போய்ச் சொன்னாள். காதர் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ரயிலடிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். "என்னவே, அடைகாக்கிற கோழி மாதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கீரு? ஞாயித்துக்கிழம கடைக்கு வாரும், நம்ம ஆள்க எல்லாம் வருவாக" என்றார்.

போனேன். பெஞ்சில் ஐந்தாறு பேர் டீயும் முறுக்குமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள். மூத்தவர் அருளப்பன், பர்மா சண்டையில் இருந்த சுபேதார். எல்லோருக்கும் சுபேதார் அண்ணாச்சி. டீ முடிந்ததும் அவர் கையைத் தட்டினார். அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்து ஆளின் மடியில் காலைத் தூக்கி வைத்தார்கள்!

ஃபுட் இன்ஸ்பெக்‌ஷன். பட்டாளத்தில் இருந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால் போனால் சிப்பாய் போனான் என்பதால் தினமும் நடக்கும் பாதச் சோதனை அது. இவர்கள் அதை வாரச் சடங்காக வைத்திருந்தார்கள். ஒரே ஒரு சட்டம்: தன் காலைத் தானே பார்க்கக்கூடாது, தன் கால் விஷயத்தில் எவனும் பொய் சொல்லுவான். புண்ணை மறைத்தவன் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும்.

சுபேதார் அண்ணாச்சி தன் காலை என் மடியில் வைத்தார். பர்மாச் சேற்றில் ஊறித் தோலுரிந்த பழைய பாதம். விரலிடுக்கு, குதிகால், நகம் என்று என் கட்டைவிரல் தானாக ஓடியது. எனக்குள் என்னவோ துள்ளியது. எத்தனை மாதம் கழித்து ஒரு வேலை செய்கிறேன்!

"வலது குதியில வெடிப்பு இருக்கு அண்ணாச்சி."

"நல்லாப் பாத்திருக்க. இப்ப ஒன் கால நீட்டு."

நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"யாருலே கழட்டக் கூடாதுன்னு சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கே அது புரிந்தது. பதில் வாயில் தயாராக இருந்தது. "பனியில மாட்டின அந்த ராத்திரி, எங்களக் கூட்டிட்டுப் போன ஜமேதார் சாப் சொன்னாரு. நான் சொல்லுத வரைக்கும் சாக்ஸக் கழட்டாதேன்னு ஆர்டர்."

"அவரு எங்க இருக்காரு?"

"மலையில. வரல அண்ணாச்சி."

உத்தரவு போட்டவர் பனிக்குள் கிடக்கிறார். அதை ரத்துசெய்ய ஆள் இல்லை. அதனால் நான் இங்கே, தென்காசி ரயிலடியில், இன்னும் அதற்குக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தேன். என் வியாதி அதுதான்.

சுபேதார் அண்ணாச்சி எழுந்தார். வேட்டியை இறக்கிவிட்டு, முறுக்குத் துகளைத் தட்டிவிட்டு, விறைப்பாக அட்டென்ஷனில் நின்றார். "ஜமேதார் பெருசா, சுபேதார் பெருசா?"

"சுபேதார், சாப்!" நானும் எழுந்து நின்றேன்.

"அந்த ஆர்டர நான் ரத்து பண்ணுதேன். கழட்டு!"

உட்கார்ந்து கழற்றினேன். கம்பளி புண்ணோடு ஒட்டியிருந்தது. காதர் வெந்நீரை ஆறவைத்து ஊற்றி ஊற்றி இழை இழையாகப் பிரித்தார். நாற்றம் கடையை நிறைத்தது. ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. "இன்னிக்கு டீ ஒம்ம கணக்குவே" என்று மட்டும் காதர் சொன்னார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அதன்பின் கால் வெளியிலேயே இருந்தது. டாக்டர் கொடுத்த மருந்தைப் போட்டேன், ஞாயிறுதோறும் காதர் மடியில் காலை வைத்தேன். நிறம் மாறியது, நீர் வற்றியது, சதை ரோஜா நிறத்தில் கூடியது. கணுக்கால் தப்பித்தது. ஆனால் விரல்களின் குளிர் மட்டும் போகவில்லை. வெட்டிய நரம்பு பழைய சேதியையே சொல்லிக்கொண்டிருக்கும், நாளாகும் என்றார் டாக்டர்.

ஆனி பிறந்தது, சாரல் இறங்கியது. "டாக்டர் சரின்னுட்டாரு. கெளம்புவே குத்தாலத்துக்கு!" என்று காதர் வாசலில் வந்து நின்றார். குளிரால் விரல் போனவன் போய்க் குளிரில் நிற்பதா? ஆனாலும் போனேன், எல்லோரும் பஸ்ஸில் பாட்டும் கூத்துமாக!

எண்ணெய் தேய்த்துக்கொண்டு மெயின் அருவிக்கு நடந்தோம். பெருவிரல் இல்லாதவனுக்கு ஈரப் பாறையில் நிலைப்பு கிடையாது. ஒரு பக்கம் காதர், மறுபக்கம் சுபேதார் அண்ணாச்சி, இரண்டு பேரும் என்னை இறுக்கிக்கொண்டார்கள். கண்ணை மூடி உள்ளே நுழைந்தேன்.

தலையில், தோளில், முதுகில் தண்ணீர் அறைந்தது. குளிர்! உச்சி முதல் பாதம் வரை ஒரே குளிர். விரல்களைத் தேடினேன். அவை மட்டும் தனியாக விறைக்கவில்லை, உடம்போடு உடம்பாக இருந்தன. சுபேதார் அண்ணாச்சி எதையோ கத்தினார். கேட்கவில்லை. அருவிக்கு அடியில் யாருடைய உத்தரவும் காதில் விழாது. ஜமேதார் சாபை நினைத்துக்கொண்டு, அவருக்கும் சேர்த்து நின்றேன். மலையில் முடியாமல் இருந்த அந்த ராத்திரி அங்கேதான் எனக்கு விடிந்தது.

வீட்டு வாசலில் பேச்சியம்மாள் வழக்கம்போல வெந்நீர்ப் பாட்டிலோடு நின்றாள். நான் சொட்டச் சொட்ட வருவதைப் பார்த்து, பயந்துபோய், "குளிருதா?" என்றாள்.

"தலை குளிருது. துண்டு எடுட்டீ" என்றேன்.