மெத்தை விரிக்காத அறை

செங்கம் சாலையில் நான் நடத்தும் விடுதியில் பௌர்ணமி வந்தால் மெத்தைக்குத் தட்டுப்பாடு. கிரிவலம் முடித்துக் கால் வீங்கி வருகிறவர்களுக்காக எங்கள் கட்டில் மெத்தையையும் உருவிக்கொண்டுபோய் மொட்டை மாடியில் போட்டுவிடுவேன். மனைவியும் நானும் பாயில்.

அன்றும் காலையிலேயே மெத்தை மாடிக்குப் போய்விட்டது. அன்றைக்கென்று பார்த்து மனைவிக்கு ஸ்கேன். குழந்தைக்காகச் சில மாதங்களாக அவள் ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், கருமுட்டை வளர்வதற்கு. ஒவ்வொரு ஸ்கேனிலும் முட்டை நன்றாக வளர்ந்திருக்கும். ஏதோ நானே இட்ட முட்டை மாதிரி மார்தட்டிக்கொள்வேன். கரு மட்டும் தங்கவில்லை.

சாலையை மறித்துவிட்டார்கள், ஆட்டோ கிடையாது. நடந்தோம். அத்தனை கூட்டமும் மலையை வலம் போக, நாங்கள் மட்டும் ஊருக்குள் எதிர்த்திசையில்.

"யோவ், ரிவர்ஸ்ல சுத்தறியே, புண்ணியத்த திருப்பிக் குடுக்கப் போறியா?" என்றார் நெற்றியில் விபூதிப் பட்டை போட்ட ஒருவர்.

"ஆமாங்க, ஜாஸ்தியாயிடுச்சு," என்றேன். மனைவி என் கையைக் கிள்ளினாள்.

ஸ்கேன் முடிந்ததும் டாக்டரம்மாவிடம், "முட்டை ஃபர்ஸ்ட் கிளாஸா மேடம்?" என்று கேட்டேன்.

"முட்டை நல்லாத்தான் இருக்கு. கர்ப்பப்பையோட உள்சுவர்தான் ரொம்ப மெல்லிசா இருக்கு. போன மாசமே கொஞ்சம் கம்மி, பார்க்கலாம்னு விட்டேன்."

"எதனால மேடம்?"

"இந்த மாத்திரையாலயே இருக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் நிதானமாக விளக்கினார். அந்த மாத்திரை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை மறிக்கிறது. மூளை, ஈஸ்ட்ரோஜன் போதவில்லை என்று ஏமாந்து, முட்டையை வளர்க்கச் சொல்லி விரட்டுகிறது. அதுவரை லாபம். ஆனால் அதே மாத்திரை கர்ப்பப்பைக்குள்ளும் போய் ஈஸ்ட்ரோஜனை வேலை செய்யவிடாமல் நிற்கிறது. உள்சுவர் தடித்து மெத்தென்று ஆவதே அந்த ஹார்மோனால்தான். கரு உருவாகி, சில நாள் கழித்து ஒட்டிக்கொள்ள வந்தால், சுவர் அதற்குத் தயாராக இருக்காது. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, சிலருக்கு ஆகிறது.

"அப்ப, கெஸ்ட்டு வாசலுக்கு வந்தாச்சு, ரூம்ல மெத்தை விரிக்கல?"

டாக்டர் சிரித்தார். நான் ஜோக்கடிக்கவில்லை. ஊருக்கெல்லாம் மெத்தை விரிக்கிறவன் நான்!

"அப்படி எதாச்சும் வந்துட்டு திரும்பிப் போயிருக்குமா மேடம்?" என்றாள் மனைவி மெதுவாக.

"அது யாருக்கும் தெரியாதும்மா. இந்த மாசம் நம்பிக்கை கம்மிதான். அடுத்த மாசம் வேற மாத்திரை தரேன். அது உள்சுவரை இந்த அளவுக்குப் பாதிக்காது."

திரும்பும்போது கூட்டத்தோடு கூட்டமாக, சரியான திசையில் நடந்தோம். யாரும் கேலி செய்யவில்லை.

"ஏங்க, எதாச்சும் உளறுங்களேன். நீங்க கம்முனு வந்தா எனக்கு பயமா இருக்கு."

நடையை எட்டிப் போட்டேன்.

விடுதிக்கு வந்ததும் நேரே மாடிக்கு ஏறி, எங்கள் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். படியில், கிரிவலம் முடித்து வந்த ஒருவர் மறித்தார்.

"சார், அத எனக்குக் குடுங்க. முதுகு போச்சு."

கீழே நின்ற மனைவிதான் சொன்னாள்:

"அது புக் ஆயிடுச்சுங்க."