ஜெயகரனின் தோள்

கோலார் தங்கவயலில் எங்கள் கோரமண்டலில் சாகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துச் சாக வேண்டும். மற்ற நாளில் போனால் பெட்டியைத் தூக்க ஆள் கிடையாது. ஊரிலுள்ள நல்ல தோள்களையெல்லாம் விடியற்காலை ரயில் பெங்களூருக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். இருட்டிய பிறகுதான் திருப்பிக் கொண்டுவந்து இறக்கும். பகலில் சுரங்கக்காரர்களுக்கென்று கட்டிய லைன் வீடுகளில் இருப்பது என்னைப் போன்ற கிழங்கள்தான். சர்க்கரை மாத்திரைக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதும் நாங்களே, செத்தவர்களைத் தூக்குவதும் நாங்களே. சவ வண்டி ரோட்டு முனையோடு நின்றுவிடும். எங்கள் சந்துக்குள்ளும் வராது, கல்லறைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையிலும் வராது.

எங்கள் சபையில் எந்தச் சாவானாலும் பெட்டியின் முன் வலது மூலை ஜெயகரனுடையது. யாரும் அவனுக்குப் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. அவனாகவே போய் நின்றுகொள்வான். சுரங்கத்தில் இருந்த காலத்தில் பாறை சரிந்து அவனுடைய கூட்டாளி ஒருவன் கீழேயே செத்துப்போனான். கல் ஏற்றும் டிராலியில் போட்டுத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னாராம் மேஸ்திரி. ஜெயகரன் மாட்டேன் என்றுவிட்டான். நாலு பேராகச் சேர்ந்து, முதுகு வளைத்து, ஆளை மேலே ஏற்றும் கேஜ் வரைக்கும் செத்தவனைத் தோளிலேயே சுமந்து வந்தார்கள்.

“மனுசன் இன்னா கல்லா, டிராலில போடறதுக்கு?”

அன்று கேட்டதை அப்புறம் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கே அலுத்துவிட்டது. ஆனால் அவனைக் குறை சொல்லவும் மனசு வராது. சுரங்கத்தை மூடிவிட்டார்கள், பெண்டாட்டி போய்விட்டாள், மகன் ஓசூரில் குடும்பத்தோடு இருக்கிறான். இவனிடம் மிச்சமிருந்தது அந்தத் தோள்தான்.

போன வருஷம் சபைக் கமிட்டியில் லவினா எழுந்து ஒரு யோசனை சொன்னாள். சபையில் பாட்டுப் பாடும் பியாட்ரிஸின் மகள் அவள். தினமும் பெங்களூர் போய்வருகிறவள். பெட்டியை வைத்துத் தள்ள சக்கர வண்டி ஒன்று வாங்கலாம், பெரியவர்கள் இனிமேல் தூக்க வேண்டாம் என்றாள். நியாயமான பேச்சு. ஜெயகரன் எழுந்து நின்றான்.

“உங்கம்மாவ நாளைக்கு டிராலில வெச்சித் தள்ளிகினு போவியா, லவினா?”

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. ஆயர் தொண்டையைக் கனைத்தார். கிழவர்கள் நாங்கள் கைதட்டினோம். வண்டிப் பேச்சு அதோடு முடிந்தது.

இந்த வருஷம் மழை தொடங்கிய சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை பியாட்ரிஸ் இறந்துபோனாள். லவினா பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தாள். அழுது முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியே பெட்டியைப் பற்றித்தான்.

“அங்கிள், ஞாயித்துக்கிழம வரைக்கும் ஐஸ் பெட்டில வெக்கலாமா? பசங்க எல்லாம் இருப்பாங்க.”

“இன்னாத்துக்கும்மா? நாங்க இல்லியா?” என்றான் ஜெயகரன். “உங்கம்மாவ அலுங்காம கொண்டும்போயி சேக்கறோம். அது என் பொறுப்பு.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவனுக்குக் கொஞ்ச நாளாக முட்டி சரியில்லை என்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் எதிரில் அதை எப்படிச் சொல்வது? போய் அவனுக்குப் பின்னால் என் இடத்தில் நின்றுகொண்டேன்.

ஆறு கிழவர்கள் தூக்கினோம். சந்தின் கடைசியில் சாக்கடை மேல் ஒரு கல்பலகை, அதைத் தாண்டியதும் ஏற்றம். பலகையில் கால் வைத்ததும் ஜெயகரனின் முட்டி மடிந்தது. முன் மூலை இறங்கியது. கனம் முழுக்க என் மேல் சாய, என்னாலும் தாங்க முடியவில்லை. பெட்டி பலகையில் மோதி விழுந்தது. மூடி விலகி, வெள்ளைக் கையுறை போட்ட பியாட்ரிஸின் கை வெளியே வந்து சாக்கடை ஓரத்தில் கிடந்தது.

பெண்கள் ஓடிவந்து முந்தானையால் மறைத்துக்கொண்டார்கள். ஜெயகரன் சேற்றில் மண்டியிட்டபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். லவினா அம்மாவின் கையைத் துடைத்து உள்ளே வைத்தாள். பிறகு அவன் பக்கம் குனிந்தாள்.

“அடி பட்டுச்சா அங்கிள்?”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

மறுபடியும் தூக்க எங்கள் ஒருவரிடமும் தெம்பில்லை. கீரை விற்க வந்திருந்த மஞ்சுநாத் தன் தள்ளுவண்டியிலிருந்த கட்டுகளை இறக்கி, ஒரு சாக்கை உதறி விரித்தான். நல்ல சக்கர வண்டி வேண்டாம் என்று கைதட்டிய நாங்கள், சபையில் ஆயுசு முழுக்கப் பாடின ஒருத்தியைக் கீரை வண்டியில் அடக்கத்துக்குக் கொண்டுபோனோம். பெட்டி வண்டியை விட நீளம்; ஒவ்வொரு குலுக்கலுக்கும் அசைந்தது. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஜெயகரன் எல்லோருக்கும் பின்னால் நொண்டிக்கொண்டே வந்தான். கல்லறையில் மண் போடச் சொல்லிக் கூப்பிட்டபோது, கை சேறாக இருக்கிறது என்று விலகிக்கொண்டான்.

அதற்கப்புறம் அவன் கோயிலுக்கு வரவில்லை. டீக்கடைக்குக்கூட வரவில்லை. நான் வீட்டுக்குப் போனால், கதவுக்குப் பின்னால் நின்றே பேசி அனுப்பிவிடுவான். ஒருநாள் மட்டும் நீளமாகப் பேசினான்.

“ஜோஸு, அந்தப் பொண்ணு கெஞ்சிச்சிடா. நான் என் பெரும பேசிகினு இருந்தன்.”

கமிட்டி சக்கர வண்டி வாங்க முடிவு செய்தது. இந்தத் தடவை யாரும் எழுந்து நிற்கவில்லை. வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம். ஏற்றத்தில் இது பாரம் தாங்குமா, பலகையில் மாட்டுமா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அரிசி மூட்டை வைத்துப் பார்க்கலாம் என்றார் ஆயர்.

“மூட்ட வேணாம்.”

ஜெயகரன் வாசலில் நின்றிருந்தான். மெதுவாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டியில் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டான். ரயிலில் போகிற பையன்கள் சிலர் சிரித்தார்கள். அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

“லவினா, உங்க வூட்டாண்டயிருந்து தள்ளும்மா. அன்னிக்கிப் போன வழியே.”

அவள் தயங்கினாள். பிறகு கைப்பிடியைப் பிடித்தாள். ஊரே பின்னால் நடக்க, முதலில் தன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சந்து வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். சிரித்த பையன்கள் இப்போது சிரிக்கவில்லை. சாக்கடைப் பலகை வந்தது. சக்கரம் பலகை மேல் ஏறி, லேசாக ஒரு சத்தம் மட்டும் செய்து, அந்தப் பக்கம் இறங்கியது.

துண்டுக்குள்ளே அவன் அழுதுகொண்டிருந்தான். லவினா வண்டியை நிறுத்தினாள்.

“இன்னா அங்கிள், நோவுதா?”

“நோவலம்மா. கொஞ்சங்கூட அலுங்கல,” என்றான். “உங்கம்மா இப்படித்தான் போயிருக்கணும்.”