உண்ணாவிரதக்காரன் குடித்த குளுக்கோஸ்

போராட்டமும் ஒரு தொழில்தான். மற்றத் தொழில்களில் கைகால் தேயும், இதில் முதலில் தேய்வது வயிறு. சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடங்களின் வாசலில் கோஷம் போட்டே தலை நரைத்தவன் நான். துண்டுப் பிரசுரங்கள்தான் என் படிப்பு. சர்க்கரை வியாதியோடு குடித்தனம் நடத்தும் உங்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. இருந்தாலும் ஒரே சிறையில் இருப்பவர்கள் பேசிக்கொள்வதில் ஓர் ஆறுதல்.

சோற்றைக் கைவிட்டது

"சர்க்கரை வியாதிக்கு எல்லையில நிக்கீங்க, மாவுச்சத்தைக் குறைங்க" என்றார் டாக்டரம்மா. எதையும் பாதியாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. யாரோ கொடுத்த சிறு புத்தகத்தை அடிக்கோடிட்டுப் படித்து, அரிசி, இட்லி, புரோட்டா எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியேற்றினேன். முட்டை, ஆட்டுக்கறி, கீரை, தேங்காய் என்று மாதங்கள் ஓடின. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மாத்திரையும் தேவைப்படவில்லை.

சோறில்லாமல் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பதைப் பார்த்து என் மனைவி கோமதி சொன்னாள்: "ஊர்ச்சனத்துக்குச் சோறு வேணும்னு ஜெயிலுக்குப் போனீய. இப்பம் வீட்டுச் சோத்தைக் கண்டா மூஞ்சியத் திருப்புதீய."

மேடையில் யார்?

கூலி ஒப்பந்தம் முடிந்தும் முதலாளிகள் பேச வரவில்லை. பேருந்து நிலையம் பக்கத்தில் காலவரையற்ற உண்ணாவிரதம் என்று எங்கள் தொழிற்சங்கம் முடிவு செய்தது. இந்த ஊரில் எந்த உண்ணாவிரதம் என்றாலும் முதல் மாலை என் கழுத்தில்தான் விழும். இந்தத் தடவை என்னை உட்கார வேண்டாம் என்றான் செயலாளர் முருகன். தறியிலிருந்து நான் சங்கத்துக்குக் கூட்டி வந்தவன். இப்போது செல்போனிலேயே அறிக்கை விடுகிறான். எனக்குச் சர்க்கரையாம். கிழவனை ஓரங்கட்ட நல்ல காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

குளுக்கோஸ் குடித்துச் சோதித்துக் காட்டுகிறேன், தேறினால் நான்தான் உட்காருவேன் என்று மேசையைத் தட்டினேன். அவன் குரலை உயர்த்தவில்லை. "அண்ணாச்சி, நீங்க மயங்கி விழுந்தா பேப்பர்ல கூலிப் பிரச்சனை வராது. உங்க படந்தான் வரும்."

வீட்டுச் சோதனை

மருந்துக் கடையில் குளுக்கோஸ் பொடி வாங்கினேன். வீட்டில் சர்க்கரை பார்க்கும் மீட்டர் இருந்தது. முருகனைச் சாட்சிக்கு அழைத்தேன். காலையில் வெறும் வயிற்றில் 94. நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தத் திகட்டும் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். இரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் பழைய வேலைநிறுத்தங்களைப் பற்றி அவனுக்கு வகுப்பு எடுத்தேன். பிறகு விரலில் குத்தினேன். 238. இருநூறைத் தொட்டாலே வியாதி என்பது கணக்கு.

"குளுக்கோஸ் கரைச்ச கையைக் கழுவுனீயளா?" என்றாள் கோமதி. கழுவிவிட்டு வேறு விரலில் குத்தினேன். 231. முருகன் ஜெயித்த முகத்தைக் காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "நான் இதை யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், அண்ணாச்சி."

டாக்டரம்மாவின் கேள்வி

மறுநாள் மருத்துவமனையில் எண்களைச் சொன்னேன். டாக்டரம்மா கேட்டது ஒன்றே ஒன்று: அதற்கு முந்தின நாட்களில் என்ன சாப்பிட்டீர்கள்? முட்டையும் கறியும் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். மாவுச்சத்தே காணாத உடம்பில் திடீரென்று குளுக்கோஸைக் கொட்டினால், நல்ல உடம்பிலும் எண் எகிறுமாம். இந்தச் சோதனைக்கு முன் மூன்று நாளாவது வழக்கம்போல் சோறு சாப்பிட வேண்டுமாம். என் சிறு புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை.

எந்த ஊர்க்காரனிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியும். "மாசக்கணக்கா தறியைப் பூட்டிப் போட்டுட்டு, ஒரே நாள்ல மொத்தச் சேலையும் நெய்ஞ்சு கொடுன்னா எப்படிங்க? போய்ச் சோறு சாப்பிட்டுட்டு வாங்க."

பழரசம்

சாப்பிட்டேன். கோமதி எதிரே உட்கார்ந்து பரிமாறினாள். அடுத்த சோதனையை ஆஸ்பத்திரியிலேயே செய்தார்கள். 168. நூற்று நாற்பதுக்கு மேல், இருநூறுக்குக் கீழ். வியாதி என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பேச்சுவார்த்தையில் அதிகாரிகள் தரும் பதில் மாதிரியே இருந்தது. பட்டினி கிடக்கலாமா என்று கேட்டேன். எண் எதுவானாலும் இந்த வயதில் பட்டினிக்குச் சம்மதிக்க மாட்டேன் என்றார் டாக்டரம்மா. இப்படி எத்தனையோ பேர் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போதும் போய் உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் சங்க அலுவலகத்தில் ஒருவருக்கும் அந்த 238 தெரிந்திருக்கவில்லை. என்னைக் கவிழ்க்க அது ஒன்றே போதும். என் காலத்தில் அப்படி ஒன்று கையில் கிடைத்தவன் சும்மா விட்டதில்லை. முருகனைத் தனியே கூப்பிட்டு, புது எண்ணைச் சொல்லி, "நீயே உக்காருலே" என்றேன்.

மூன்றாம் நாள் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். பழரசம் கொடுத்து முடித்துவைக்க என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அந்தத் தம்ளரை வாங்கித்தான் எனக்குப் பழக்கம்; கொடுத்துப் பழக்கமில்லை. வெடித்த உதடுகளோடு முருகன் தம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "குடிச்சுருதேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு என் விரல்ல குத்த வந்துராதீய, அண்ணாச்சி."

எத்தனையோ அதிகாரிகள் மிரட்டியும் என்னிடம் வாங்க முடியாத மேடை ராஜினாமாவை, வாயை மூடிக்கொண்டிருந்தே வாங்கிவிட்டான் நான் வளர்த்த பயல்.